முதல் பிரசவம், கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில நார்மலா பெத்துக்க எப்படி ரெடி ஆகுறது?

கேட்ட தங்கச்சிக்கு 30 வாரம், முதல் பிள்ளை, வலி மருந்து அதிகம் இல்லாம பெத்துக்கணும்னு ஆசை, ஆனா ஆஸ்பத்திரிக்குப் போனா படுக்க வச்சு அவங்க இஷ்டத்துக்குச் செஞ்சிடுவாங்களோன்னு பயமாம். எனக்கும் இதே பயம் இருந்துச்சும்மா. நான் மலேசியாவுல, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கேன், ரெண்டு பிள்ளையும் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலதான், ரெண்டும் நார்மல்.

முதல்ல ஒண்ணு. எங்க பாட்டி பால்மரம் (ரப்பர்) வெட்டின காலத்துல லயத்து (தோட்டத்து வரிசை வீடு) உள்ளயே மருத்துவச்சிய வச்சு ஏழு பெத்தாங்க, தங்கினது அஞ்சு. "அந்தக் காலத்துல நாங்கள்லாம்"னு யாராச்சும் ஆரம்பிச்சா அந்த ரெண்டையும் சேத்து எண்ணச் சொல்லுவேன். ஆஸ்பத்திரியே வேணாங்கிறது நார்மல் இல்ல, புரியுதா.

கிளினிக்ல குடுக்கிற பிங்க் புக்ல, அதான் கர்ப்பகாலப் பதிவுப் புத்தகத்துல, ஆபத்து எவ்ளோன்னு காட்டுற ஸ்டிக்கர் கலர் பாத்திருப்பீங்க, வெள்ளைனா சாதாரணம், பச்சை, மஞ்சள்னு ஏறி சிவப்புனா உடனே ஆஸ்பத்திரி. ரத்தத்துல ஹீமோகுளோபின் 11-க்குக் கீழ இறங்கினா கலர் மாறும், அதனால இரும்பு மாத்திரைய ஒளிச்சு வைக்காம முழுங்குங்க (நான் ஒளிச்சு வச்சவ). நடங்க, முடிஞ்சா குத்தவச்சு உக்காந்து பழகுங்க, 35 வாரத்துக்கு அப்புறம் பிள்ளை வர்ற வழிக்கிட்ட எண்ணெய் போட்டு மசாஜ் பண்ணினா கிழியறது குறையும்னு சொல்றாங்க, மிஸ்ஸிகிட்ட (நர்ஸ்) கேட்டுட்டு செய்யுங்க. மாமியார் விளக்கெண்ணெய் குடிக்கச் சொன்னா மட்டும் நைசா நழுவிடுங்க, எங்கம்மா பேச்சைக் கேட்டு நான் குடிச்சு வயித்தாலதான் போச்சு, வலி வரல.

ஆனா எனக்கு உண்மையா உதவினது உடம்புக்குச் செஞ்சது இல்ல, வாய்க்குச் செஞ்சது. மலாய் நல்லாத்தான் பேசுவேன், ஆனா வலி வந்தா அம்மான்னுதான் வருது, மலாய் எங்க வருது. அதனால ரெண்டாவதுக்கு ஒரு தாள்ல எழுதி புக்குக்குள்ள ஒட்டி வச்சேன். "சூடா பெராப்பா புக்காஆன்?" கர்ப்பப்பை வாய் எவ்ளோ திறந்திருக்கு. "போலே சாயா ஜாலான்?" நான் நடக்கலாமா. "போலே டுடுக்?" உக்காரலாமா. "தெரான்"னா முக்கு, "ஜாங்ஙான் தெரான் டூலு"ன்னா இப்ப முக்காதே. இந்தக் கடைசி ரெண்டையும் குழப்பிக்காதீங்க, முதல் பிரசவத்துல நான் குழப்பி முக்கக் கூடாதப்ப முக்கினேன், நல்லா தையல் விழுந்துச்சு.

முதல் தடவை செஞ்ச இன்னொரு தப்பு, லேசா வலி வந்ததும் ஓடினது. 2 சென்டிமீட்டர்தான் திறந்திருந்துச்சு, வார்டுல படுத்துகிட்டு பக்கத்துக் கட்டில்ல கத்துறதைக் கேட்டே எனக்கு பாதி தெம்பு போயிடுச்சு. உலக சுகாதார நிறுவனம் 2018-ல சொன்னதே 5 சென்டிமீட்டர்ல இருந்துதான் பிரசவத்தோட வேகமான கட்டம், எல்லாருக்கும் மணிக்கு 1 சென்டிமீட்டர் திறக்கும்னு எதிர்பாக்காதீங்கன்னு. அதனால ரெண்டாவதுக்கு வீட்டுலயே நடந்து, சுடுதண்ணி ஊத்தி, கஞ்சி குடிச்சு, பத்து நிமிஷத்துக்கு ரெண்டு மூணு தடவைன்னு வலி ஒழுங்கா வந்தப்புறம்தான் கார் எடுத்தோம். இது பக்கத்துல இருக்கிறவங்களுக்குச் சொல்றேன், செம்பனை (பாமாயில் மரம்) தோட்டத்துக்குள்ள மண்ரோடு, மழை, லாரின்னு இருந்தா சீக்கிரமே கிளம்பிடுங்க. தண்ணிக்குடம் உடைஞ்சா, ரத்தம் போனா, 12 மணி நேரத்துல பிள்ளை 10 தடவை அசையலன்னா காத்திருக்கவே கூடாது, வலி இருக்கோ இல்லையோ போயிடணும்.

வலிக்கு கேஸ் குடுப்பாங்க, எண்டொனாக்ஸ், பாதி ஆக்சிஜன் பாதி நைட்ரஸ் ஆக்சைடு. வலி உச்சிக்கு வந்தப்புறம் இழுத்தா பிரயோஜனம் இல்ல, ஏற ஆரம்பிக்கும்போதே இழுக்கணும், வேலை செய்ய அரை நிமிஷம் போல ஆகும். வாய் காயும், தலை சுத்தும், விட்டா சரியாயிடும். அதை வாங்கினா நார்மல் இல்லன்னு யாரும் சொன்னா காதுல வாங்காதீங்க.

புருஷனை உள்ள விடுவாங்களான்னு முன்னாடியே கேளுங்க, சில இடத்துல வகுப்புக்குப் போன சான்றிதழ் கேக்குறாங்க. சுருக்கா ஊசி போடணும், ஆபரேஷன் பண்ணணும்னு சொன்னா "கெனாப்பா?"ன்னு ஒரு தடவை கேளுங்க, காரணம் சொல்லுவாங்க, பிள்ளை இதயத்துடிப்பு இறங்குதுன்னா அங்க நின்னு வாதாடாதீங்க.

ரெண்டாவது பிறந்தப்ப ஒருக்களிச்சுப் படுக்க விட்டாங்க. மிஸ்ஸி "ஜாங்ஙான் தெரான் டூலு"ன்னதும் வாயை ஊதி ஃபூ ஃபூன்னு விட்டேன், தலை மெதுவா வந்துச்சு, ரெண்டே தையல். வீட்டுக்காரர்தான் பாவம், பிங்க் புக்கை கார்லயே வச்சிட்டு வந்து அதை எடுக்க ஓடினவரு திரும்பி வரும்போது பிள்ளை என் நெஞ்சு மேல இருந்துச்சு.