மூலம் என்று நினைத்தது மூலமில்லை: ஆசனவாய்ப் புற்றுநோயும் எச்.பி.வி. வைரஸும்

கேள்வி: காங்கேயம் பக்கம் கிராமம். எனக்கு 45 வயது. ஒரு வருசமாக வெளிக்குப் போகும்போது ரத்தம் போனது. "மூலச்சூடுதானுங்க, எளநீ குடிச்சாச் சரியாப் போகும்" என்றார்கள். மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போட்டேன். வலி தாங்காமல் கோயம்புத்தூர் போனேன். சதை எடுத்துச் சோதித்து, ஆசனவாயில் புற்றுநோய் என்றார்கள். எச்.பி.வி. என்ற வைரஸால் வந்தது, உடலுறவில் பரவும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் ஒரு தப்பும் செய்யவில்லை. மலப்பாதையை அடைத்து வயிற்றில் பை வைத்துவிடுவார்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். சிகிச்சைக்குப் போகவே மனசில்லை. 17 வயது மகளும் 13 வயது மகனும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வருமா?

பதில்: சகோதரி, வீட்டு மனத்தாங்கல் தீரட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள். இது குணமாகக்கூடிய புற்றுநோய். வேறு உறுப்புக்குப் பரவாத நிலையில் சிகிச்சை எடுப்பவர்களில் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரருக்கும் சேர்த்தே சொல்கிறேன். இந்தப் பகுதியை அவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

ஆசனவாய்ப் புற்றுநோய் பத்துப் பேருக்கு வந்தால் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு எச்.பி.வி.தான் காரணம். இந்த வைரஸில் 200க்கு மேல் வகைகள் உண்டு. கை கால்களில் மரு உண்டாக்குவதும் இதே குடும்பம்தான். புற்றுநோய் வரை கொண்டுபோவது சில வகைகள் மட்டும், அவற்றில் முதன்மையானது 16ஆம் வகை. கருப்பை வாய்ப் புற்றுநோயில் இந்த 16ஆம் வகையை 1983இல் கண்டுபிடித்த ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

தாம்பத்திய வாழ்க்கைக்குள் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு என்றாவது ஒருமுறை இந்த வைரஸ் தொற்றியிருக்கும். வலி, காய்ச்சல் எதுவும் இருக்காது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடும். வெளித்தோலும் குடலின் உட்சவ்வும் சந்திக்கிற இடத்துச் செல்களில் தங்கி, ஈ6, ஈ7 என்ற இரண்டு புரதங்களால் செல் கட்டுமீறி வளராமல் காக்கிற புரதங்களை முடக்கிவிடும். அது புற்றுநோயாக மாற 10, 20 வருடம்கூட ஆகலாம். ஆகவே இன்று வந்த ரிப்போர்ட்டை வைத்து யாரிடமிருந்து, எந்த வருடம் தொற்றியது என்று உலகத்தில் எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. கல்யாணமான புதிதில், உங்கள் இருவருக்குமே தெரியாமல் தொற்றியதாக இருக்கலாம். அந்த ரிப்போர்ட் உங்கள் ஒழுக்கத்துக்கும் சாட்சி இல்லை, அவருடைய ஒழுக்கத்துக்கும் சாட்சி இல்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆசனவாய் வழி உறவு கொண்டவர்களுக்குத்தான் இது வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த உறவில் ஆபத்து கூடுதல் என்பது உண்மை. ஆனால் பிறப்புறுப்பில் தொற்றிய வைரஸ் பக்கத்துத் தோல் வழியாகவே ஆசனவாய்க்குப் போய்விடும். பல நாடுகளில் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் இந்நோய் அதிகம் வருகிறது. தட்டு, துணி, கக்கூஸ் வழியாக இந்தப் புற்றுநோய் யாருக்கும் ஒட்டாது. நீங்கள் தாராளமாகச் சமைக்கலாம், பிள்ளைகளை அணைத்துக்கொள்ளலாம்.

வயிற்றில் பை வைக்கும் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிகிறது. சொந்தக்காரர்கள் பார்த்தது அநேகமாக மலக்குடல் புற்றுநோயாக இருக்கும். அது வேறு வகைத் திசுவில் வருவது, இந்த வைரஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆசனவாய்ப் புற்றுநோய்க்கும் ஒரு காலத்தில் ஆசனவாயையே வெட்டி எடுத்தார்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் நார்மன் நைக்ரோ, அறுவைக்கு முன்னால் கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். பிறகு வெட்டி எடுத்த சதையில் புற்றுநோயே இல்லை. 1974இல் அவர் மூன்றே நோயாளிகளைப் பற்றி எழுதியது சிகிச்சையையே மாற்றிவிட்டது. இன்று முதல் சிகிச்சை கரண்ட் வைப்பது எனப்படும் கதிர்வீச்சும் கீமோவும்தான், பெரும்பாலோருக்கு நிரந்தரப் பை தேவைப்படுவதில்லை. வைரஸால் வந்த கட்டி இந்தச் சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும்.

சுமார் ஐந்தாறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் கரண்ட் வைப்பார்கள். மூன்றாவது நான்காவது வாரத்தில் அந்த இடத்துத் தோல் வெந்ததுபோல் எரியும், பேதியாகும், பஸ்ஸில் உட்கார்ந்து போய்வர முடியாது. ஆகவே கோயம்புத்தூரிலேயே உறவினர் வீட்டில் தங்க இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே கொண்டுபோங்கள். மாதவிலக்கு நின்றுவிடும், பிறப்புறுப்பு இறுகலாம். அதற்கும் வழி உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். எச்.ஐ.வி. சோதனையும் கருப்பை வாய்ப் பரிசோதனையும் எடுக்கச் சொல்வார்கள். எல்லோருக்கும் எடுப்பதுதான், சந்தேகப்படுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். சிகிச்சை முடிந்தும் கட்டி கொஞ்சம் இருந்தால் கலங்காதீர்கள். ஆறு மாதம் வரைக்கும் அது சுருங்கிக்கொண்டே போகலாம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்" என்ற போர்டு இல்லாத ஊர் நம் பக்கம் குறைவு. மூலம் புற்றுநோயாக மாறாது. ஆனால் புற்றுநோய் மூலம் மாதிரியே ரத்தம், அரிப்பு, வலி, கட்டி என்று வரும். கையுறை போட்டு விரல் விட்டுப் பார்க்காமல் மூலம் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். அந்தப் பரிசோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, அதைச் செய்யாததால் இந்தச் சகோதரிக்கு ஒரு வருடம் போய்விட்டது. எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து எடுப்பவர்கள், கிட்னி மாற்றியவர்கள், கருப்பை வாயில் புற்றுநோயோ அதன் முன்நிலையோ இருந்தவர்கள், பீடி சிகரெட் பிடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஆசனவாயில் முன்நிலையிலேயே கண்டு சிகிச்சை செய்தால் புற்றுநோய் பாதிக்கு மேல் குறைகிறது என்று 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

பிள்ளைகளுக்கு இது பரம்பரையாக வராது. ஆனால் தடுப்பூசி போட இதுதான் சரியான வயது. வைரஸ் தொற்றும் முன்பே போட்டால்தான் முழுப் பலன். இந்தியாவிலேயே தயாராகும் செர்வாவேக், 9 முதல் 26 வயது வரை ஆண், பெண் இருவருக்கும் அனுமதிக்கப்பட்டது. வயதுக்கு ஏற்ப மகனுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, மகளுக்கு ஆறு மாதத்துக்குள் மூன்று ஊசி. தமிழக அரசு 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசியை 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டதாலும், அது சிறுமிகளுக்கு மட்டும் என்பதால் மகனுக்குக் கிடைக்காது என்பதாலும், காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கும். விலையை இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள், மகனை மட்டும் விட்டுவிடாதீர்கள்.