மடியா, சீட்டா?

கேள்வி: எங்கள் மகனுக்கு 22 மாதம், எடை 11 கிலோ. பங்குனி உத்திரத்துக்கு அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் சாஸ்தா கோயிலில் அவனுக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். நான், கணவர், மாமனார், மாமியார், குழந்தை எல்லோரும் காரில் போகிறோம். ரயிலில் போகலாம் என்றேன். ஊருக்குப் போனபின் கோயில், சொந்தக்காரர் வீடு என்று சுற்றுவதற்குக் கார் வேண்டும் என்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினால் பிள்ளை தூங்கிக்கொண்டே வந்துவிடுவான் என்பது கணவரின் கணக்கு. குழந்தைக்கென்று தனி சீட் வாங்க வேண்டும் என்கிறேன் நான். "என் மடியைவிடவா அது பத்திரம்? மூணு பிள்ளைய மடியில வெச்சுத்தான் வளர்த்தேன்" என்று அத்தை வருத்தப்படுகிறார். நாத்தனாரோ, கிளம்பும்போது கொஞ்சம் சளி மருந்து கொடுத்துவிட்டால் வழி நெடுகத் தூங்குவான் என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

- வாசகி, கிழக்குத் தாம்பரம்

பதில்: அன்புத் தோழிக்கு,

முதலில் அந்தச் சளி மருந்தை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். நாத்தனார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பல வீடுகளில் காலங்காலமாக நடப்பதுதான் இது. ஆனால் அந்த மருந்தில் தூக்கம் வருவது பக்கவிளைவு. ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு தூரம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சில பிள்ளைகளுக்கு மூச்சு மந்தமாகும், சில பிள்ளைகள் தூங்காமல் ராத்திரி முழுக்க வெறி பிடித்ததுபோல் அழும். குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவு போட்டது. சளிக்கே கொடுக்கக் கூடாது என்றிருக்கும் மருந்தைத் தூக்கத்துக்காகக் கொடுக்கலாமா?

அடுத்து சீட். இந்தக் கடிதத்தில் நீங்கள் விட்டுக்கொடுக்கவே கூடாத விஷயம் இது ஒன்றுதான். மற்றதில் எல்லாம் கொஞ்சம் வளைந்து கொடுக்கலாம்.

என் மூத்த மகளுக்கு அப்போது உங்கள் பிள்ளையின் வயதுதான். நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். முன்சீட்டில் நான், என் மடியில் அவள். விக்கிரவாண்டி தாண்டியதும் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. பிரேக் அடித்தார்கள். எதன் மீதும் மோதவில்லை, வெறும் பிரேக்தான். என் இரண்டு கைகளும் அவளைச் சுற்றித்தான் இருந்தன. ஆனாலும் அவள் நெற்றி டேஷ்போர்டில் போய் இடித்தது. மூன்று தையல். பிடியை விட்டுவிட்டேனே என்று பல வருடம் என்னையே நொந்துகொண்டிருந்தேன். எந்தத் தாயின் கைக்கும் அந்த நேரத்தில் அந்தப் பிடி கிடைத்திருக்காது என்பது பிறகுதான் புரிந்தது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 50 கி.மீ. வேகத்தில் போகிற கார் எதிலோ மோதி, பத்தில் ஒரு நொடியில் நிற்கிறது என்று வையுங்கள். உள்ளே இருப்பவர்கள் தங்கள் எடையைப் போல் சுமார் 14 மடங்கு விசையில் முன்னால் வீசப்படுவார்கள். உங்கள் 11 கிலோ மகன் அந்தக் கணத்தில் 150 கிலோ மூட்டை. ரேஷன் கடை அரிசி மூட்டை மூன்றைக் கையில் பிடித்து நிறுத்த அத்தையால் முடியுமா, உங்களால்தான் முடியுமா? அதுவும் நம் நான்குவழிச் சாலையில் 50-ல் யார் போகிறார்கள்?

சட்டமும் உங்கள் பக்கம்தான். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சீட் பெல்ட்டிலோ குழந்தைக்கான சீட்டிலோதான் இருக்க வேண்டும். மீறினால் 1,000 ரூபாய் அபராதம். இதை அத்தையிடம் சொல்லாதீர்கள், கணவரிடம் சொல்லுங்கள்.

சீட் வாங்கும்போது ஆர்44 அல்லது ஆர்129 என்ற ஐ.நா. தரக் குறியீடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே விபத்தில் மாட்டிய சீட் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். உங்கள் காரில் ஐசோஃபிக்ஸ் கொக்கி (குழந்தை சீட்டை மாட்டுவதற்காகக் கார் சீட்டிலேயே பொருத்தியிருக்கும் கொக்கி) இல்லாவிட்டால் கவலை இல்லை, கார் பெல்ட்டாலேயே மாட்டக்கூடிய சீட்டுகள் இருக்கின்றன. பின்சீட்டில், இடது பக்கத்தில் மாட்டுங்கள். நம் ஊரில் அதுதான் சாலையோரம் இறக்கும் பக்கம். மாட்டியபின், பெல்ட் நுழையும் இடத்தைப் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. பிள்ளையைக் கட்டியபின் அவன் தோள்பட்டையில் வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். கிள்ள வந்தால் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம்.

பின்னோக்கிப் பார்த்தபடி உட்கார வைப்பதா, முன்னோக்கியா என்று அடுத்த சண்டை வரும். சீட்டில் எழுதியிருக்கும் எடை, உயர வரம்பு இடம் கொடுக்கும்வரை பின்னோக்கியே இருக்கட்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018-லிருந்து சொல்வதும் அதைத்தான். இந்த வயதில் தலை கனம், கழுத்து பிஞ்சு. முன்னாலிருந்து மோதினால் அந்த அடியை சீட்டின் முதுகு வாங்கிக்கொள்ளும், கழுத்து தப்பிக்கும். கால் மடங்கியிருக்கிறதே என்று பெரியவர்கள் பதறுவார்கள். வீட்டில் சம்மணம் போட்டு உட்காரும் பிள்ளைக்கு அது ஒரு கஷ்டமே இல்லை. இப்படிப் பின்னோக்கிய சீட்டை ஏர்பேக் உள்ள முன்சீட்டில் மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள்.

பண்டிகைக்கு முதல் நாள் வாங்கி மாட்டினால் தாம்பரம் தாண்டுவதற்குள் அழுகை ஆரம்பித்துவிடும். மூன்று வாரம் முன்பே வாங்குங்கள். முதலில் ஹாலில் வையுங்கள். அதில் உட்கார்ந்து விளையாடட்டும், அவன் கரடி பொம்மைக்கும் பெல்ட் போடட்டும். பிறகு காய்கறிக் கடைவரை ஒரு சுற்று, அடுத்த ஞாயிறு மகாபலிபுரம். அழுதால் காரை நிறுத்தி, தூக்கி, தேற்றி, மறுபடி அதிலேயே உட்கார வையுங்கள். ஓடுகிற காரில் ஒரே ஒரு தடவை பெல்ட்டை அவிழ்த்துவிட்டால், அழுதால் அவிழ்ப்பார்கள் என்று அவன் கற்றுக்கொள்வான். பெரியவர்கள் பின்சீட்டிலும் பெல்ட் போட வேண்டும். போடாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர், கார் மோதினால், பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் மேல்தான் போய் விழுவார்.

இனி கணவரின் ராத்திரிக் கணக்கு. பிள்ளை தூங்குவான், உண்மைதான். ஓட்டுகிறவருக்கும் அதே நேரத்தில்தான் தூக்கம் வரும். பகல் முழுக்க ஆபீஸில் இருந்துவிட்டு, ராத்திரி பத்துக்கு ஸ்டீயரிங் பிடிப்பவர் திருச்சி தாண்டும்போது மணி மூன்று ஆகியிருக்கும். விடியலுக்கு முந்தைய அந்த இரண்டு மூன்று மணி நேரம் உடம்பு தூக்கத்தை மிக அதிகமாகக் கேட்கும் நேரம். டீயும் பாட்டும் அதை வெல்லாது. போதாததற்கு பங்குனி உத்திரம். பழனிக்குக் காவடியோடு நடப்பவர்கள் இருட்டில் சாலையோரம் போய்க்கொண்டிருப்பார்கள். விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரிகளைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

600 கி.மீ.க்கு மேல் இருக்கிற இந்தத் தூரத்தை இரண்டு நாளாகப் பிரியுங்கள். திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பே கிளம்பினால் பரனூர் சுங்கச்சாவடியில் வரிசையில் நின்று வேகவும் வேண்டாம். முதல் நாள் ராத்திரி எல்லோரும் ஒன்பது மணிக்குப் படுத்து, விடிகாலை நாலரைக்குக் கிளம்புங்கள். பிள்ளையைத் தூக்கத்திலேயே சீட்டில் கட்டிவிடலாம். விழுப்புரம் தாண்டும்வரை பெரும்பாலும் தூங்குவான். கணவர் சொன்ன லாபம் இதிலும் கிடைத்துவிடுகிறது. உளுந்தூர்பேட்டை பக்கம் காலைச் சாப்பாடு. திருச்சிக்கு மதியத்துக்குள் போய்விடலாம். அங்கே அறை எடுத்து, குளித்து, தூங்கி, சாயங்காலம் பிள்ளையைக் காவிரிக் காற்று வாங்க விடுங்கள். மறுநாள் விடிகாலை கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு நெல்லை. மாமனார் மாமியாரின் முழங்காலும் உங்களுக்கு நன்றி சொல்லும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்துங்கள். நிறுத்துவது என்றால் பெட்ரோல் பங்கில் ஐந்து நிமிஷம் இல்லை. அவன் தரையில் இறங்கி இருபது நிமிஷம் ஓட வேண்டும். விராலிமலை அடிவாரத்தில் மயில் பார்க்கலாம். கோவில்பட்டி தாண்டினால் கயத்தாறு. 1799-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர், அவருக்கு அங்கே நினைவிடம் இருக்கிறது. சுற்றுவட்டாரம் முழுக்கக் காற்றாலைகள் சுழலும். என் இரண்டாவது மகன் இரண்டரை வயதில் அவற்றைப் பார்த்து "காத்தாடி, காத்தாடி" என்று எண்ணிக்கொண்டே நெல்லைவரை அழாமல் வந்தான். போனைக் கையில் கொடுப்பதைப் பற்றிக் கேட்பீர்கள். இரண்டு வயதுக்குள் வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ம் ஆண்டு வழிகாட்டுதல். கடைசி அரை மணி நேரம் எதற்கும் அடங்காமல் அழும்போது கொடுத்துவிட்டால் அதற்காக மனதை வருத்திக்கொள்ளாதீர்கள்.

சாப்பாட்டில் ஒரே ஒரு பயம் எனக்கு உண்டு, அது கோவில்பட்டி கடலைமிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், வாங்காமல் யாரும் வரமாட்டார்கள். பெரியவர்கள் ஆசையாய் ஒரு துண்டை உடைத்துப் பிள்ளை வாயில் வைப்பார்கள். நான்கு வயதுவரை நிலக்கடலை, முழுத் திராட்சை, பாப்கார்ன் எதுவும் வேண்டாம். மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். பின்னோக்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் புரையேறினால் ஓட்டுகிறவருக்குத் தெரியக்கூட தெரியாது. எதைக் கொடுப்பதானாலும் வண்டியை நிறுத்திவிட்டுக் கொடுங்கள். ஆவி பறக்கும் இட்லி எந்த ஊரிலும் நம்பிச் சாப்பிடலாம். தேங்காய்ச் சட்னியை மட்டும் பிள்ளைக்கு வைக்க வேண்டாம், அந்த வெயிலில் சீக்கிரம் கெடும். சத்துமாவுக் கஞ்சியைக் காய்ச்சி ஃபிளாஸ்கில் ஊற்றி வைக்காதீர்கள். வறுத்த மாவு தனியாக, கொதிக்கும் வெந்நீர் தனியாக எடுத்துப்போய் வேண்டும்போது கரையுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள் நான்கைந்து பையில் இருக்கட்டும். 200 மி.லி. பாக்கெட்டா, ஒரு லிட்டர் பாக்கெட்டா என்று பார்த்து, முழுப் பாக்கெட்டையும் அதே அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பேதியானால் ஒவ்வொரு தடவைக்கும் 50 முதல் 100 மி.லி. வரை ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக. அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்புப் பழரசங்கள் அதற்கு மாற்று இல்லை. அந்த மாதிரி பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லிவிட்டது. நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108. இரண்டையும் மாமனார் போனிலும் பதிந்து வையுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் சீட்டின் கொக்கி சுடும், இறங்கும்போது மேலே ஒரு துண்டைப் போட்டுவிடுங்கள். டீ குடிக்கத்தானே என்று தூங்கும் பிள்ளையை மூடிய காரில் விட்டுப் போகவே போகாதீர்கள்.

அத்தையிடம் வருகிறேன். அவர் சீட்டை எதிர்க்கவில்லை என்று நினைக்கிறேன். 'உன் மடி பத்திரமில்லை' என்று மருமகள் சொல்வதாக அவர் காதில் விழுகிறது, அதுதான் வலிக்கிறது. அதனால் இதை நீங்கள் பேசாதீர்கள். அவர் பெற்ற மகன் பேசட்டும். அல்லது அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது அத்தையையும் கூட்டிப்போய், டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள். "நீங்க வளர்த்தப்ப இந்த ரோடு இப்படியா இருந்துச்சு?" என்று கணவர் கேட்டால் அதில் யாருக்கும் குறை இல்லை. பிறகு அவருக்கு அந்தப் பயணத்தில் ஒரு பெரிய பொறுப்பைக் கொடுங்கள். சீட்டுக்குப் பக்கத்து இடம் ஆச்சிக்குத்தான். கதை சொல்வதும், எப்போது நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்வதும் அவர் வேலை. கோயிலில் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தி முடிந்ததும் பிள்ளை வீறிடுவான் பாருங்கள், அப்போது முதலில் ஓடிப்போய்த் தேடுவது ஆச்சி மடியைத்தான்.

மொட்டை போடும்போது புது பிளேடா என்று நீங்களே கண்ணால் பாருங்கள். காது குத்திய அன்றே திரும்பக் கிளம்ப வேண்டாம். ஒரு ராத்திரி ஊரில் தூங்கட்டும். மொட்டைத் தலைக்கு மெல்லிய பருத்தித் தொப்பி ஒன்று இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.