கன்வெர்ட்டரைக் கழற்றினால் கார் பறக்குமா?

கேள்வி: என்னுடையது 2013 மாடல் பெட்ரோல் கார். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. கொஞ்ச நாளாக பிக்கப் இல்லை, ஏற்காடு ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் முக்குகிறது. மெக்கானிக், “கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்தான் வண்டியைப் பிடிச்சு இழுக்குது, கழற்றிட்டு நேர் பைப் போட்டா பறக்கும்” என்கிறார். செய்யலாமா?
– வாசகர், சேலம்

பதில்: பாதி சரியாகத்தான் சொல்கிறார். அடைத்துக்கொண்ட கன்வெர்ட்டர் வண்டியின் உயிரை எடுக்கும், ஆனால் நல்ல நிலையில் இருப்பது அப்படி ஒன்றும் செய்யாது. இது சைலன்சர் குழாயில், புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்க மாட்டியிருக்கும் டப்பா. அதற்குள் இருப்பது தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி. பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 400 துளை, உள்சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. துளைகள் திறந்திருந்தால் புகை பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், அதில் குறையும் சக்தி சாதாரணமாக ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள், ஈயம் பட்டால் பூச்சு கெட்டுவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது. உங்கள் காரின் இன்ஜினே இதையும் கணக்கில் வைத்து டியூன் செய்யப்பட்டதுதான்.

மெக்கானிக்கிடம் நீங்கள் கேட்க வேண்டியது, அடைப்பு இருக்கிறதா, இருந்தால் ஏன் வந்தது என்று. இது சும்மா அடைக்காது. ஒரு ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ மக்கர் செய்தால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும், அந்தச் சூட்டில் பீங்கான் உருகித் துளைகள் மூடிக்கொள்ளும். இன்ஜின் ஆயில் குடித்தாலும் கதை அதேதான், கொஞ்சம் மெதுவாக நடக்கும். காரணத்தை விட்டுவிட்டுப் புதிதாக மாட்டினால் அதுவும் போய்விடும், விலையோ உங்களுக்கே தெரியும்.

கண்டுபிடிப்பது சுலபம். வண்டி ஆறியபின் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டச் சொல்லுங்கள், கலகலவென்று சத்தம் வந்தால் உள்ளே உடைந்திருக்கிறது. சத்தம் இல்லையென்றால், கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றிய துளையில் பிரஷர் கேஜை மாட்டி 2,500 ஆர்பிஎம் வரை ஏற்றட்டும். முள் 3 பிஎஸ்ஐ தாண்டினால் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். தாண்டவில்லையா, கன்வெர்ட்டரை விட்டுவிட்டு ஏர் ஃபில்டர், பெட்ரோல் பம்ப், கிளட்ச் பக்கம் பாருங்கள். பிக்கப் இல்லை என்று வருகிற வண்டிகளில் கிளட்ச் தேய்ந்தவை நிறைய.

நேர் பைப் மட்டும் வேண்டாம். பறக்கிற மாதிரி தோன்றுவதில் பாதி அந்தச் சத்தம்தான். அப்புறம் செக் இன்ஜின் விளக்கு அணையாது, புகைப் பரிசோதனையில் கார் மாட்டும், பின்னால் பைக்கில் வருகிறவர் கார்பன் மோனாக்சைடைக் கூடுதலாகக் குடிப்பார்.