பெர்ஃபார்மன்ஸ் ஸ்டடீஸில் பிஎச்டி: ஒரு அம்மாவின் கேள்விக்குப் பதில்

அம்மா, "இங்கிலீஷ் எம்.ஏ. முடிச்ச பொண்ணு இன்னும் அஞ்சு வருஷம் நாடகம் ஆடப் போறாளா?" என்று கேட்டிருந்தீர்கள். ஆடப் போவதில்லை. இது நடிப்புப் பயிற்சி கிடையாது, ஆராய்ச்சி. மேடை நாடகம் மட்டுமில்லாமல் சடங்கு, ஊர்வலம், போராட்டம் என எல்லாவற்றையும் நிகழ்த்துதலாக (பெர்ஃபார்மன்ஸாக) பார்க்கிற படிப்பு. 1980-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இந்தப் பெயரில் துறை வந்தது. நம் நாட்டில் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜேஎன்யு) நாடகமும் நிகழ்த்துதலும் ஒரு தனிப் பிரிவு.

அர்ச்சுனன் தபசு கூத்து பார்த்திருப்பீர்கள். தபசு மரத்தின் உச்சியிலிருந்து அர்ச்சுனன் வீசும் எலுமிச்சம்பழத்துக்காகக் குழந்தை வரம் வேண்டும் பெண்கள் கீழே முந்தானையை ஏந்தி நிற்பார்களே, அவர்கள் கூத்து பார்க்க வந்தவர்களா, கூத்துக்குள்ளேயே இருப்பவர்களா? உங்கள் மகள் கேட்கப்போவது இந்த மாதிரிக் கேள்விகளைத்தான்.

முதலில் கோர்ஸ்வொர்க், அதாவது ஆராய்ச்சிக்கு முன் படித்துத் தேற வேண்டிய பாடங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி குறைந்தது 12 கிரெடிட். ஆய்வு நெறிமுறைத் தாள் கட்டாயம், 55 சதவீதம் எடுத்தால்தான் மேலே போக முடியும். இதற்காகப் பயப்பட வேண்டாம், படித்தால் முடிகிற விஷயம்.

யோசிக்க வேண்டியது சிறப்புப் பாடத்தை. தேவதாசிகள் ஆடிய சதிர் நடனம் பரதநாட்டியமானதையும் 1947 தேவதாசி ஒழிப்புச் சட்டத்தையும் எடுத்தால் ஆவணக் காப்பகத்தில் பழைய கோப்புகளோடு மாதக்கணக்கில் உட்கார வேண்டும், கூத்தை எடுத்தால் விடிய விடிய விழித்திருந்து, கலைஞர்கள் அரிதாரம் பூசும்போதே பக்கத்தில் இருந்து பேசிப் பழக வேண்டும். எது அவளுக்குப் பிடிக்கும் என்று அவளையே கேளுங்கள். அந்த வேலை தெரிந்த கைடு, அதாவது ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர், கிடைக்கவில்லை என்றால், எவ்வளவு பெரிய பல்கலைக்கழகமாக இருந்தாலும் நான் சேரச் சொல்ல மாட்டேன்.

வேலை விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். இந்தப் பெயரில் துறைகள் இங்கே குறைவு. அதனால் கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தகுதித் தேர்வை ஆங்கிலப் பாடத்திலேயே எழுதட்டும், அப்போதுதான் கல்லூரி ஆங்கிலத் துறைக்கும் விண்ணப்பிக்க முடியும். அதே தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. உங்கள் கையிலிருந்து பெரிதாகப் போகாது.

சரி, இந்த வாரம் ஒரு வேலை. அவள் நேரில் பார்த்த ஒரு நிகழ்ச்சியையும் அதைப் பற்றி அவளுக்கு இன்னும் விடை கிடைக்காத ஒரு கேள்வியையும் அரைப் பக்கத்துக்குத் தமிழிலேயே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எந்த கைடிடம் போகலாம் என்று அதை வைத்துப் பேசுவோம்.