தங்கையைப் படிக்கச் சொல்லிக் கேட்டது சோம்பேறித்தனமா?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. படிப்பில் துளியும் ஆர்வம் இல்லை. புத்தகத்தைத் திறந்தாலே தலைவலி, தாகம், பென்சிலைக் காணோம் என்று ஏதாவது ஒரு சாக்கு. ஒரு பக்கம் வாசிக்க அரை மணி நேரம் ஆகிறது, அதிலும் பாதி வார்த்தைகளை ஊகித்துச் சொல்கிறான். எழுதினால் வரிக்கு வரி பிழை. டியூஷன் வைத்தோம், திட்டினோம், கணவர் அடித்தும் பார்த்தார், நல்ல மார்க் வாங்கினால் சைக்கிள் என்றும் சொல்லிப் பார்த்தோம். ஒன்றுக்கும் அசையவில்லை. அவனைவிட மூன்று வயது சின்னவளான தங்கை நன்றாகப் படிக்கிறாள். கொஞ்ச நாள் அவளைத் தன் பாடத்தை வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சமயத்தில் வகுப்பில் வாயால் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னதாக ஆசிரியை சொன்னார். சோம்பேறித்தனம் பழகிவிடும் என்று நான் அதை நிறுத்திவிட்டேன். கண்டிப்பான ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்கிறார் கணவர். இவனுக்கு எப்படி ஆர்வத்தை வரவழைப்பது?

பதில்: சகோதரி, தலைவலி, பென்சில், சைக்கிள் எல்லாம் அப்புறம். அந்தத் தங்கை விஷயத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டீர்களே, நான் அங்கேயேதான் நிற்கப்போகிறேன்.

11 வயதுப் பையன் 8 வயதுத் தங்கையிடம் போய், "எனக்கு இதைப் படித்துக் காட்டு" என்று கேட்டிருக்கிறான். யாரோடு ஒப்பிட்டு அவனைத் திட்டுகிறீர்களோ அவளிடமே போய்க் கேட்டிருக்கிறான். அந்த வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய மானப் பிரச்சினை என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? படிப்பே வேண்டாம் என்கிற பிள்ளை பாடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு விளையாடப் போயிருக்கும். இவன் மானத்தை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்து கேட்டிருக்கிறான். கண் வழியாக ஏறாத பாடம் காது வழியாக ஏறுகிறது என்பதை டாக்டரும் சொல்லாமல், ஆசிரியரும் சொல்லாமல், அவனே கண்டுபிடித்திருக்கிறான். அது பலித்தது என்று ஆசிரியையே உங்களிடம் சொல்லியிருக்கிறார். அதைப் போய் நிறுத்திவிட்டு, ஆர்வத்தை எப்படி வரவழைப்பது என்று என்னிடம் கேட்கிறீர்கள். ஆர்வம் வந்து உங்கள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தது, எழுப்பி அனுப்பியது நீங்கள்.

1896ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். கெட்டிக்காரன், கணக்கு வரும், ஆனால் வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்தும் சின்னச் சின்ன வார்த்தைகளைக்கூட வாசிக்க முடியவில்லை. எல்லாப் பாடத்தையும் வாயால் சொல்லிக்கொடுத்தால் பள்ளியிலேயே இவன்தான் முதலாக வருவான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் அதில் பதிவு செய்திருக்கிறார். நூறு வருடத்துக்கும் மேலாகத் தெரிந்த விஷயம் இது, ஆனாலும் எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்தப் பிள்ளைகளைச் சோம்பேறி என்றுதான் சொல்கின்றன.

கடிதத்தை வைத்து உங்கள் மகனுக்கு இன்னதுதான் என்று நான் முடிவு கட்ட முடியாது. ஆனால் கேட்டால் புரிகிறது, வாசித்தால் புரியவில்லை, வார்த்தையை ஊகிக்கிறான், எழுத்துப் பிழை ஓயவில்லை என்பதெல்லாம் சேர்ந்து வந்தால் டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடா என்று பார்த்தே ஆகவேண்டும். அது அறிவுக் குறைவு கிடையாது, பார்வைக் கோளாறும் கிடையாது. வார்த்தைக்குள் இருக்கும் ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதுதான் அவர்களுக்குக் கடினம். மற்ற பிள்ளைகளுக்குத் தானாக நடக்கிற வேலையை இவர்கள் ஒவ்வொரு வார்த்தைக்கும் முட்டி மோதிச் செய்யவேண்டியிருக்கிறது, வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதல் வார்த்தை மறந்துபோகிறது. அப்படி அரை மணி நேரம் உட்கார்ந்தால் உங்களுக்கும் எனக்கும்கூடத் தலை வலிக்கும். இது குடும்பவழியாகவும் வருவது, அதனால் உங்கள் கணவரிடமும் அவர் பிறந்த வீட்டிலும், உங்கள் பக்கத்திலும் யார் யார் படிக்கத் திணறினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வாங்கிய அடியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, ஏன் வாங்கினோம் என்பதை மறந்துவிட்ட அப்பாக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

1967இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். என்ன செய்தாலும் மின்னதிர்ச்சி நிற்காது என்ற நிலையில் இருந்த நாய்கள், பிறகு தப்பிக்க வழி இருந்தபோதும் பெரும்பாலும் முயற்சியே செய்யாமல் கிடந்தன. சோர்ந்து கிடப்பதை அவை கற்றுக்கொண்டன என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2016இல் அவர்களே அதைத் திருத்தி எழுதினார்கள்: அடிமேல் அடி விழுந்தால் ஒடுங்கிப்போவது இயல்பாகவே நடப்பது, கற்றுக்கொள்ள வேண்டியது "நான் செய்தால் மாறும்" என்பதைத்தான் என்று. உங்கள் மகன் அதைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருந்தான். கேட்டான், புரிந்தது, வகுப்பில் பதில் சொன்னான். அந்தக் கணக்கை நடுவில் அழித்துவிட்டு எட்டாத மார்க்குக்குச் சைக்கிள் தருகிறேன் என்றால் அது அவனுக்குப் பரிசாகத் தெரியாது, இன்னொரு தோல்வியாகத்தான் தெரியும். அந்தப் பேரத்தை இன்றே விடுங்கள். சைக்கிள் வாங்கித் தர வசதி இருந்தால் மார்க் பேச்சே இல்லாமல் வாங்கிக் கொடுங்கள்.

முதலில் அவனிடம் போய், தங்கையைப் படிக்கச் சொன்னதை நிறுத்தியது என் தப்பு என்று சொல்லுங்கள். அவள் இருக்கும்போதே சொல்லுங்கள். பிள்ளையிடம் தப்பை ஒத்துக்கொண்டால் மரியாதை போய்விடும் என்று நினைக்கும் பெற்றோரோடு எனக்கு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அப்புறம், வாசித்துக் காட்டும் வேலையை நீங்களும் உங்கள் கணவரும் எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்குத் தங்கை உதவுவது நல்லதுதான், கூடப் பிறந்தவர்கள் எதற்கு இருக்கிறார்கள்? ஆனால் அது அவள் விரும்பிச் செய்வதாக இருக்கட்டும், அந்தப் பொறுப்பு 8 வயதுக் குழந்தையின் தலையில் விழக்கூடாது, அது பெற்றவர்களுடையது. உங்களுக்கு நேரம் இல்லாதபோது போனே எழுத்தை வாசித்துக் காட்டும், அதையும் பயன்படுத்துங்கள்.

கேட்டுக்கொண்டே இருந்தால் வாசிப்பு வந்துவிடாது, அதுவும் உண்மை. அதனால் பாடத்தைக் காதால் படிக்கட்டும், வாசிப்புப் பயிற்சி தனியாக நடக்கட்டும், தினமும் கொஞ்ச நேரம் போதும். ஒலியையும் எழுத்தையும் பொருத்தி, எளியதிலிருந்து ஆரம்பித்து, வரிசை மாறாமல், திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த சிறப்பு ஆசிரியர் வேண்டும். அதே பாடத்தை இன்னும் சத்தமாக நடத்தும் டியூஷனால் பிரயோஜனம் இல்லை. 11 வயது தாமதம்தான், ஆனால் கைவிட்டுப்போன வயது இல்லை. அதற்கு முன் கண்ணையும் காதையும் ஒருமுறை சோதித்துவிட்டு, கற்றல் குறைபாட்டை மதிப்பிடத் தெரிந்த உளவியலாளரிடம் அழைத்துப் போங்கள். கவனம் நிலைக்காத சிக்கலும் பல பிள்ளைகளுக்குக் கூடவே இருக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கண்களுக்குப் பயிற்சி, வண்ணக் கண்ணாடி என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அவை டிஸ்லெக்சியாவுக்கு உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர் சங்கங்களும் 2009இலேயே கூட்டாக அறிக்கை விட்டிருக்கின்றன. மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வந்ததும் பள்ளிக்குப் போய்க் கூடுதல் நேரம், கேள்வித்தாளை வாசித்துக் காட்ட ஓர் ஆள், முடிந்த இடங்களில் வாய்மொழித் தேர்வு என்று எழுத்துமூலமாகக் கேளுங்கள். சலுகை கேட்கிறோமே என்று கூச்சப்படாதீர்கள், பிள்ளைக்காகப் பள்ளியில் போய்ப் பேசுவது உங்கள் கடமை.

அடியைப் பற்றி நான் விவாதிக்கப்போவதில்லை. உங்கள் கணவர் அதை இன்றோடு நிறுத்தவேண்டும், அவ்வளவுதான்.

ஹாஸ்டல் வேண்டாம். அங்கே அவனுக்கு வாசித்துக் காட்ட யார் இருப்பார்கள்? வாசிக்க முடியாத பிள்ளையை, வாசிக்கச் சொல்லி மணியடிக்கிற இடத்தில் தனியாக விட்டுவிட்டு வருவதைக் கண்டிப்பு என்று என்னால் சொல்ல முடியாது. அந்தக் கட்டணத்துக்கு ஒதுக்கிய பணம் மதிப்பீட்டுக்கும் சிறப்பு ஆசிரியருக்கும் போகட்டும்.