எடை சமமில்லாத நாணயத்தைச் சுண்டினால் தலை விழும் நிகழ்தகவு எவ்வளவு?

ஒரு செயலைப் பலமுறை செய்தால் குறிப்பிட்ட முடிவு எத்தனை பங்கு வரும் என்பதே நிகழ்தகவு. தலைக்கு அது 0.6 என்றால், ஆயிரம் முறை போட்டால் ஏறத்தாழ 600 தலை; பூவுக்கு மிச்சம் 0.4. அடுத்தடுத்து இரண்டு தலை விழ 0.6 × 0.6 = 0.36. சரியான நாணயத்தில் இது 0.25தான்.

'பாதி' என்று நாம் சொல்வதற்கு ஒரே ஆதாரம், இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பது. அது போய்விட்டால் போட்டுப் பார்த்து எண்ணத்தான் வேண்டும். சோழியை நினைத்துப் பாருங்கள்: ஒரு பக்கம் வளைந்த முதுகு, மறுபக்கம் தட்டையான வாய். இரண்டும் சமமாக விழும் என்று தாயம் ஆடியவர் யாரும் பந்தயம் கட்டமாட்டார்.

ஆனால் ஒரு வேடிக்கை. சுண்டிவிட்டுக் கையில் பிடித்தால் எடை வித்தியாசம் அநேகமாக வேலை செய்யாது. நாணயம் தன் எடை மையத்தைச் சுற்றியே சீராகச் சுழல்வதால், இரு முகமும் ஏறக்குறைய சம நேரம் மேலே இருக்கின்றன. மேசையில் பம்பரம்போல் சுழலவிட்டால்தான் சாய்வு வெளிப்படும்.

'இரண்டில் ஒன்றுதானே, எனவே பாதிக்குப் பாதி' என்று பலர் எண்ணுவது தவறு. மழை பெய்யும் அல்லது பெய்யாது என்பதற்காகக் கத்திரி வெயிலில் மழை வாய்ப்பு பாதியாகிவிடாது.