இன்னொரு டிப்ளோமா இப்போதைக்கு வேண்டாம், அம்மா

சனிக்கிழமை நீங்கள் மகனோடு வந்து போன பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் தம்பியிடம் கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். கோபிக்க வேண்டாம். அவர் வேலையில் தேங்கி நிற்பதற்கும் இதற்கும் கொஞ்சம் தொடர்பு இருக்கிறது.

மூன்று வருடமாக ஒரே கதிரை, பின்னால் சேர்ந்த இருவர் மேலே போய்விட்டார்கள், ஆகவே இன்னொரு டிப்ளோமா படிக்கட்டும் என்கிறீர்கள். கணக்கியல் படிப்புகளில் ஏஏடி முடித்துவிட்டார், சீமா பாதி தாண்டிவிட்டார். படிப்பில் குறை இல்லை. தெரியாததைக் கேட்பதில்லை, பிழையைக் கண்டால் சொல்வதில்லை, அங்கேதான் சிக்கல்.

நீங்கள் போன் கதைக்க வெளியே போனபோது அவர் ஒன்று சொன்னார். அம்மாவிடம் சொல்லலாம் என்றபடியால் எழுதுகிறேன். ஒரு திங்கட்கிழமை, இறக்குமதி இன்வொய்ஸில் இருந்த தொகையும் சுங்கப் படிவத்தில் இருந்த தொகையும் பொருந்தவில்லை என்று கண்டிருக்கிறார். தன் பிழையோ என்ற பயத்தில் இரண்டு இரவு எட்டு மணி வரை இருந்து திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்திருக்கிறார். புதன்கிழமை, துறைமுகத்தில் சரக்கை விடுவிக்கும் கிளியரிங் ஏஜென்ட் மூலம் மெனேஜருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. துறைமுகத்தில் கொள்கலன் இலவச நாட்களைத் தாண்டி நின்றால் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். மெனேஜர் கண்டது அந்த இரண்டு இரவு உழைப்பை அல்ல, தன்னிடம் சொல்லாமல் விட்டதை.

எனக்கும் இந்த வியாதி இருந்தது. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கந்தோரில் முதல் வேலை. எல்லாவற்றுக்கும் “ஓம் ஐயா” என்று தலையாட்டி, டசின் கணக்கைத் தனி எண்ணிக்கையாகப் பதிந்து, ஒரு மாத இருப்பே குழம்பியது. வீட்டிலும் ரியூசனிலும் “எதிர்த்துக் கதைக்காதே” என்று வளர்ந்த பிள்ளைக்குக் கேள்வி கேட்பதே மரியாதைக் குறைவாகத் தெரியும். ஆனால் கந்தோரில் வாயை மூடிக்கொண்டிருப்பவரைப் பணிவானவர் என்று எவரும் நினைப்பதில்லை. விஷயம் தெரியாதவர் என்றுதான் நினைப்பார்கள்.

கொழும்பில் இதற்கு மேல் ஒரு சிக்கல், மொழி. கூட்டம் ஆங்கிலத்தில் தொடங்கும், முடிவெடுக்கிற நேரம் சிங்களத்துக்கு மாறிவிடும். அந்த இடத்தில் நம் பிள்ளைகள் கொப்பியைப் பார்த்தபடி இருந்துவிட்டு, பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் இரகசியமாகக் கேட்பார்கள். சிங்களம் படிக்கத்தான் வேண்டும், அது ஆறுதலாக நடக்கட்டும். அதுவரை, கூட்டம் முடிந்து எழும்புமுன் தம்பி ஒரே ஒரு வாக்கியம் சொல்லிப் பழகட்டும்: “நான் செய்யவேண்டியது இது, வெள்ளி 12 மணிக்குத் தருகிறேன், சரிதானே?” விளங்கியது பிழையென்றால் அங்கேயே திருத்திவிடுவார்கள். எந்த மொழியில் சொன்னாலும் பரவாயில்லை.

பிழையைக் கண்டால் அரை மணித்தியாலம் தானே பார்க்கலாம். பிடிபடாவிட்டால் மெனேஜரிடம் போய், என்ன கண்டார், எதைச் சரிபார்த்தார், எது தெரியவில்லை, இந்த மூன்றையும் சொல்லவேண்டும். வெறுங்கையோடு போய் “சேர், பிரச்சினை” என்று நின்றால் அதுவும் எடுபடாது.

இரவு வரை இருப்பதைப் பெருமையாகச் சொன்னீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டமே நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 என்றுதான் வைத்திருக்கிறது. தம்பி பிந்துவது வேலை கூடியதால் அல்ல, கேட்காமல் விட்டதைத் தனியே தேடுவதால். கேட்கத் தொடங்கினால் 101 பஸ்ஸில் வெளிச்சத்தோடேயே வெள்ளவத்தைக்கு வந்து சேருவார்.

சோற்றுப் பார்சலைத் தன் வேலை மேசையிலேயே தனியாகப் பிரிப்பதையும் விடச் சொல்லியிருக்கிறேன். எந்தப் பிரிவில் இடம் வருகிறது என்பது பெரும்பாலும் சாப்பாட்டு மேசையில்தான் முதலில் காதில் விழும். ஆனால் இது அடுத்த மாதத்துக்கு. எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் மாற்றப் போனால் புதன்கிழமையே பழையபடி ஆகிவிடும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. “இன்றைக்கு சேர் ஏசினாரா?” என்று கேட்பதை விட்டுவிட்டு, “இன்றைக்கு என்ன கேட்டாய்?” என்று கேளுங்கள். டிப்ளோமாவுக்கு எடுத்து வைத்த காசு அப்படியே இருக்கட்டும். அடுத்த மாதம் தம்பியைத் தனியே அனுப்புங்கள். கூட்டங்களில் அவர் சொன்ன அந்த ஒற்றை வாக்கியங்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வரட்டும், அதை வைத்துக் கதைப்போம்.